ஆடாதோடைப் பாணி, இரண்டு போத்தல்: சளி இளகியது, தொய்வு அப்படியே இருக்கிறது

திருமலை (திருகோணமலை) மத்திய வீதிப் பக்கம் ஒரு நாட்டுமருந்துக் கடையில் வாங்கிய, சளிக்குக் குடிக்கிற ஆடாதோடைப் பாணியைப் பற்றி எழுதுகிறேன். ஆறு கிழமையில் இரண்டு போத்தல் முடித்தேன். ஒரு போத்தல் 200 மில்லிலீற்றர், 850 ரூபா. கடையின் பெயரையும் போத்தலில் இருக்கிற பெயரையும் போட மாட்டேன். கீழே குறையும் சொல்லப்போகிறேன், அதோடு இதே மாதிரிப் போத்தல் இதே மாதிரி லேபிளோடு எந்த ஊர் நாட்டுமருந்துக் கடையிலும் இருக்கிறது, பெயர் மட்டும்தான் வேறு. ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். பாணிக்கு நாலு கொடுத்திருப்பேன், லேபிள்தான் ஒன்றைத் தின்றுவிட்டது.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே தொய்வு (ஆஸ்துமா). கச்சான் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வருகிற ஆனி ஆடியில் ஒரு தரம், பிறகு ஐப்பசி கார்த்திகையில் மழை தொடங்கிச் சுவர் ஈரமாகிப் பூஞ்சண மணம் வரும்போது இன்னொரு தரம், இப்படி வருடத்துக்கு இரண்டு முறை நெஞ்சு இறுகும். மூச்சு முட்டுவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், காலமை எழும்பியவுடன் அரை மணித்தியாலம் செருமினாலும் வெளியில் வர மாட்டேன் என்று அடம்பிடிக்கிற அந்தச் சளிதான் ஆளைக் கொல்கிறது. உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். முதல் பாடவேளை முழுக்கக் கரகரத்த குரலில்தான் போகும், கடைசி வாங்கில் இருந்து ஒருவன் என்னைப் போலவே செருமிக் காட்டுவது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

மாமிதான் அந்தக் கடையைச் சொன்னார். உள்ளே சுவர் முழுக்க லாச்சி, ஒவ்வொரு லாச்சியிலும் மங்கிய மையில் வசம்பு, கடுக்காய், மரமஞ்சள் என்று எழுதியிருக்கும், மேலே பழைய பிஸ்கற் தகரங்கள். வாசலில் மான் ஒன்று நின்று யாரோ போட்ட வாழைப்பழத் தோலைத் தின்றுகொண்டிருந்தது, திருமலையில் இதெல்லாம் ஒரு செய்தியில்லை. கடைக்கார ஐயாவுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். ஆடு தொடாத இலை என்பதால்தான் ஆடாதோடை என்று பெயர் வந்ததாமே என்று கேட்டேன். "மானும் தொடாது பிள்ளை, நான் போட்டுப் பார்த்திருக்கிறன்" என்றார். அந்த ஒரு பதிலுக்கே எனக்குக் கடை பிடித்துவிட்டது.

சரி, போத்தல். மண்ணிறக் கண்ணாடி, அது நல்லது, வெளிச்சம் படாது. மூடி தகரம், சரியாக இறுகாது, முதல் நாளே என் கைப்பைக்குள் ஒழுகி வரவு இடாப்பின் ஒரு மூலை இன்றைக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. லேபிளில் ஆடாதோடை, கண்டங்கத்தரி, அதிமதுரம், திப்பிலி, சுக்கு, மஞ்சள், சீனி என்று இருக்கிறது, எது எவ்வளவு என்று இல்லை. கீழே தடித்த எழுத்தில்: "மூலிகைச் சத்துகள் அழற்சியை அடக்கும், சளி உற்பத்தியை வேரோடு நிறுத்தும், பம் தேவைப்படாது." (பம் என்றால் வாயால் இழுக்கிற இன்ஹேலர்.) இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றாக வருகிறேன்.

சுவை: முதலில் சீனி, பிறகு அதிமதுரத்தின் அந்தத் தொண்டைக்குள் நிற்கிற இனிப்பு, அது அடங்கும்போது ஆடாதோடையின் கைப்பு நாக்கின் அடியில் வந்து உட்காரும், தேத்தண்ணி குடித்தாலும் போகாது. வடிகட்டல் மோசம், போத்தலின் அடியில் ஒரு விரல் அளவு மண்டி. ஒரு நாளைக்கு மூன்று தரம், ஒவ்வொரு தேக்கரண்டி, இளஞ்சுடுதண்ணியோடு குடித்தேன்.

நாலாம் நாள் வித்தியாசம் தெரிந்தது, இதை மறைக்க மாட்டேன். அதுவரை காலமையில் வருவது ரப்பர் மாதிரி, இழுத்தால் நீளும், கைகழுவும் தொட்டியில் விழுந்தால் தண்ணி ஊற்றினாலும் அசையாது. ஒருநாள் கண்ணாடிக்கு முன் நின்று பார்த்தேன், சேமியாத் துண்டு போல வெள்ளையாக, சின்னக் கிளையோடு, அச்சு எடுத்தது மாதிரி ஒன்று. குழாயின் வடிவம் அப்படியே அதில் இருந்தது. (அருவருப்பாக இருந்தால் மன்னியுங்கள், தொய்வுக்காரருக்கு இது விளங்கும்.) நாலாம் நாளிலிருந்து சளி தண்ணியாகி, பத்து நிமிடத்தில் செருமி முடிந்தது. ஆறாம் நாள் முதல் பாடவேளையிலேயே குரல் தெளிவு. கடைசி வாங்குக்காரனுக்கு வேலை போய்விட்டது.

ஆனால் மூச்சை ஊதி அளக்கிற பீக் ஃபுளோ மீற்றர் ஒன்று வீட்டில் இருக்கிறது, அதை ஒவ்வொரு நாளும் ஊதி சீ.ஆர். கொப்பியில் எழுதுகிற பழக்கம் எனக்கு. நல்ல காலத்தில் என்னுடைய அளவு 390. மழை தொடங்கிப் பாணி வாங்கப் போனபோது 310. பாணி குடித்து, சளி இளகி, குரல் தெளிந்து, நான் சந்தோசமாகத் திரிந்த ஆறாம் நாள் எவ்வளவு? 315. கொப்பி அன்றைக்கே உண்மையைச் சொல்லிவிட்டது, நான்தான் கேட்கவில்லை.

கேட்காததன் கதை இதுதான். பாணி வாங்கும்போது ஐயா சொன்னார், "பிரவுண் பம்மை மெல்ல மெல்ல விடலாம் பிள்ளை, இது உள்ளுக்க இருந்து மாத்தும்." பிரவுண் பம் என்றால் மூச்சுக்குழாய்ச் சுவரின் வீக்கத்தை, அதாவது அழற்சியை, அடக்க ஒவ்வொரு நாளும் எடுக்கிற ஸ்டீரோயிட். நான் மெல்ல மெல்லக்கூட விடவில்லை, மூன்றாம் நாளே நிறுத்திவிட்டேன். பன்னிரண்டு வருடமாக அழற்சி என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற ஆள்! பதின்மூன்றாம் நாள், வெளியில் விடாத மழை, இரவு இரண்டு மணிக்கு எழும்பினேன், வசனம் முடிக்க மூச்சு இல்லை. மீற்றரை ஊதிப் பார்த்தேன், 190. முட்டு வந்தால் உடனே குழாயைத் திறக்கிற நீலப் பம் அடித்தும் இறங்கவில்லை. என் கணவர் பக்கத்து வீட்டு ஓட்டோவை எழுப்பி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார், மூன்று தரம் நெபுலைசர் பிடித்து, மாத்திரையும் தந்து, விடியத்தான் நெஞ்சு திறந்தது. கடமையில் இருந்த டொக்டர், என் பழைய மாணவியின் வயதுதான் இருக்கும், "மிஸ், பிரவுண் பம் ஒழுங்கா எடுக்கிறீங்களா?" என்று கேட்டா. நான் சுவரில் இருந்த நுளம்பைப் பார்த்தேன்.

இனி லேபிளுக்கு வருவோம். சளி வெறும் கழிவு இல்லை. சுவாசப்பைக்குழாயின் உட்சுவரில் மயிர் மாதிரிப் பிசிர்கள் உள்ள கலங்களுக்கு இடையில் கிண்ணக் கலங்கள் இருக்கின்றன. அவை சுரக்கிற சீதத்தில், அதாவது சளியில், தூசியும் கிருமியும் ஒட்டும், பிசிர்கள் அதை மேலே தள்ளும், நாங்கள் தெரியாமலே விழுங்கிவிடுவோம். அந்தச் சீதத்தைக் கூழாக்குகிற புரதங்களில் முக்கியமானவை மியூசின் 5பி, மியூசின் 5ஏசி என்ற இரண்டு. தொய்வுக்காரருக்குப் பூஞ்சணமோ தூசிப்பூச்சியோ உள்ளே போனால் நோயெதிர்ப்புக் கலங்கள் இன்டர்லூக்கின் 13 என்ற சமிக்ஞையை விடும், அது கிடைத்தவுடன் சுவரில் கிண்ணக் கலங்கள் பெருகி 5ஏசியைக் கொட்டத் தொடங்கும். 5ஏசி கூடிய சீதம் சுவரிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும், பிசிரால் தள்ள முடியாது. 2018 இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் தொய்வுக்காரர் 146 பேரின் நெஞ்சை சீ.ரீ. ஸ்கானில் பார்த்தார்கள், நூற்றுக்கு 58 பேருக்கு ஓர் இடத்திலாவது சளி தக்கை மாதிரிக் குழாயை அடைத்திருந்தது, பலருக்கு வருடங்கள் கழித்துப் பார்த்தபோதும் அடைப்பு அதே இடத்தில். என் கைகழுவும் தொட்டியில் விழுந்த சேமியாத் துண்டு எங்கே இருந்து வந்தது என்று இப்போது விளங்கும்.

அதனால் "சளி உற்பத்தியை வேரோடு நிறுத்தும்" என்பது பொய்யாக இருப்பது எங்கள் அதிர்ஷ்டம். 5பி இல்லாத எலிகளை வளர்த்துப் பார்த்து 2014 இல் எழுதினார்கள், அவற்றின் மூச்சுக்குழாய் தன்னைத் துப்புரவாக்க முடியாமல் கிருமித் தொற்றில் போய் முடிந்தது. குறைக்க வேண்டியது கூடிப்போன 5ஏசியை, வேரை இல்லை.

பாணி உண்மையில் செய்வது வேறு வேலை. ஆடாதோடை இலையில் வாசிசின் என்ற அல்கலொயிட் இருக்கிறது. அதை மாதிரியாக வைத்து ஜேர்மனியில் செய்த மருந்துதான் புரோம்ஹெக்சின், 1963 இல் சந்தைக்கு வந்தது, அது உடலுக்குள் மாறி உண்டாவதுதான் அம்புரொக்சோல். இரண்டும் இன்றைக்கும் பாமசியில் சளி இளக்குகிற பாணியாகக் கிடைக்கின்றன. அம்மம்மா வேலியில் பறித்து அவித்த இலைக்கும் பாமசிப் போத்தலுக்கும் ஒரே பரம்பரை. எனக்கு நாலாம் நாள் சளி இளகியதில் அதிசயம் ஒன்றுமில்லை, இளக்குவதற்குப் பேர்போன இலை இளக்கியது. ஆனால் இரண்டும் உண்டான சளியைத்தான் தண்ணியாக்கும். தொழிற்சாலை உள்ளே அப்படியே ஓடிக்கொண்டிருக்கும், வாசலில் குவிந்ததை மட்டும் அள்ளுகிறோம். 315 என்ற எண் அதைத்தான் சொன்னது.

"மூலிகைச் சத்துகள் அழற்சியை அடக்கும்" என்ற வரி மூன்றில் கொஞ்சம் மரியாதைக்குரியது. மஞ்சளின் குர்குமின், வெங்காயத்தில் இருக்கிற குவர்செற்றின், நிலவேம்பின் அந்திரோகிராபோலைட், இவற்றை முட்டைப் புரதம் கொடுத்து ஒவ்வாமை உண்டாக்கிய எலிகளிலும் தட்டில் வளர்த்த மனிதக் கலங்களிலும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அழற்சியை முடுக்கிவிடுகிற என்.எஃப். கப்பா பி என்ற ஆளி (சுவிச்) தணிகிறது, சளியும் குறைகிறது. இது பொய்யில்லை. ஆனால் தட்டில் கலத்தின் மேலே நேராக ஊற்றுகிறார்கள், எனக்கு அது குடல், ஈரல், இரத்தம் எல்லாம் தாண்டி நெஞ்சுக்கு வர வேண்டும். 1998 இல் பெங்களூரில் ஆட்களுக்கு 2 கிராம் குர்குமின் கொடுத்துப் பார்த்தார்கள், இரத்தத்தில் அதைத் தேடிப் பிடிப்பதே பாடாக இருந்தது. மிளகிலும் திப்பிலியிலும் இருக்கிற பிப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்தவுடன் அளவு இருபது மடங்கு கூடியது. திப்பிலியை மஞ்சளோடு சேர்த்த பழைய கை தெரிந்தோ தெரியாமலோ சரியாகத்தான் சேர்த்திருக்கிறது. ஆனால் கணக்குப் போடுங்கள், மஞ்சள் தூளில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில்தான் குர்குமின், 2 கிராமுக்கு அறுபது கிராமுக்கு மேல் மஞ்சள் வேண்டும். என் ஒரு தேக்கரண்டிப் பாணியில் எவ்வளவு மஞ்சள் இருக்கும்? நாக்கில் மஞ்சள் நிறம்கூட ஒட்டவில்லை.

கண்டங்கத்தரிக்கு ஆட்களில் செய்த ஆய்வே இருக்கிறது. 1999 இல் வெளிவந்தது, கண்டங்கத்தரியையும் தூதுவளையையும் 300 மில்லிகிராம் பொடியாகத் தொய்வுக்காரருக்குக் கொடுத்தார்கள், மூச்சளவு உண்மையிலேயே கூடியது, நீலப் பம்மில் இருக்கிற சல்பியூட்டமோலின் மாத்திரை அளவுக்குக் கூடவில்லை. சின்ன ஆய்வு, ஆனாலும் நேர்மையான முடிவு. யூக்கலிப்டஸ் எண்ணெயின் சினியோலுக்கு இதைவிடப் பலமான சான்று: 2003 இல் ஜேர்மனியில், ஸ்டீரோயிட் மாத்திரையிலேயே ஓடுகிற 32 பேரில் ஒரு பகுதியினருக்கு 12 கிழமை, நாளுக்கு மூன்று தரம் 200 மில்லிகிராம் கொடுத்தார்கள். மாத்திரையை அவர்களால் நூற்றுக்கு 36 வீதம் குறைக்க முடிந்தது, வெறும் குளிசை குடித்தவர்களால் 7 வீதம்தான். அதுகூடக் குறைப்பு, நிறுத்தம் இல்லை. அளவு தெரிந்த கப்சூல், பக்கத்தில் வைத்தியர், அப்படித்தான் செய்தார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு நான் மூலிகைக்கு எதிரி என்று யாரும் கீழே எழுத வேண்டாம். கோணேசருக்குச் சாத்துகிற ஊமத்தையின் இலையைச் சுருட்டிப் புகைத்துத்தான் என் அம்மப்பா முட்டுக்கு மருந்து பார்த்தார். (யாரும் செய்து பார்க்காதீர்கள், அளவு கொஞ்சம் தப்பினால் பைத்தியம் பிடித்தது போல் ஆகும், உயிரும் போகும்.) அந்தப் பழக்கம் 1802 வாக்கில் சென்னையிலிருந்து இங்கிலாந்துக்கே போனது. ஊமத்தையில் இருக்கிற அத்ரோபினை மாற்றிச் செய்ததுதான் இப்ராட்ரோபியம், இன்றைக்கு நெபுலைசரில் போடுகிறார்கள், அன்றிரவு எனக்கும் போட்டார்கள். அம்மி விஸ்நாகா என்ற மத்தியதரைக் கடல் பக்கத்துச் செடியின் கெல்லினிலிருந்து தொய்வு வராமல் தடுக்கிற குரோமொகிளைகேற் என்ற மருந்து வந்தது. ரோஜர் அல்டூன்யன் என்ற வைத்தியர், தானே தொய்வுக்காரர், தனக்கு ஒத்துவராத பொருளை வேண்டுமென்றே சுவாசித்து முட்டு வரவழைத்து, ஒவ்வொரு சேர்வையாகத் தன்னிலேயே சோதித்து 1965 இல் அதைக் கண்டுபிடித்தார். தொய்வுக்குக் கொடுக்கிற தியோபிலினைத் தேயிலையிலிருந்து 1888 இல் பிரித்தெடுத்தார்கள். செடியிலிருந்து பம் வரைக்கும் பாதை இருக்கிறது, நீளமானது, அதை ஒரு லேபிள் வரியில் தாண்ட முடியாது.

இனி யார் வாங்கக் கூடாது. கர்ப்பிணிகள் கட்டாயம் வேண்டாம், வாசிசின் கருப்பையைச் சுருங்க வைக்கும், லேபிளில் இதைப் பற்றி ஒரு எழுத்து இல்லை, இதுதான் எனக்கு எல்லாவற்றிலும் கோபம். பிரஷர் இருந்தால் அதிமதுரம் கவனம், தொடர்ந்து குடித்தால் உடலில் உப்பும் தண்ணியும் தங்கிப் பிரஷர் ஏறும், பொட்டாசியம் இறங்கும். நீலப் பம்மும் பொட்டாசியத்தை இறக்கும், இரண்டும் சேர்ந்தால் இதயத்துக்கு நல்லதில்லை. தியோபிலின் மாத்திரை எடுப்பவர்களுக்குப் பிப்பரின் இரத்தத்தில் அந்த மாத்திரையின் அளவைக் கூட்டிவிடும். நீரிழிவு என்றால் சொல்லவே வேண்டாம், பாதிப் போத்தல் சீனி. எனக்குக் கடையைக் காட்டிய மாமிக்குப் பிரஷரும் சீனியும் இரண்டும் இருக்கின்றன. எனக்கு வாங்கியதில் இருந்து அவரும் ஒளித்துக் குடித்திருக்கிறார், கிளினிக்கில் மேல் பிரஷர் 170 காட்டியபோதுதான் வெளியில் வந்தது. பாணியால்தான் என்று சத்தியம் பண்ண மாட்டேன், கருவாடும் சேர்ந்திருக்கும். ஆனால் போத்தல் ஏன் இவ்வளவு கெதியில் முடிகிறது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஆஸ்பத்திரியால் வந்து பிரவுண் பம்மைத் திரும்பத் தொடங்கினேன், காலையிலும் இரவிலும், அடித்த பிறகு வாய் கொப்பளித்து. பாணியையும் நிறுத்தவில்லை, டொக்டரிடம் கேட்டுவிட்டு ஒரு நாளைக்கு ஒரு தரமாக்கிக் காலமையில் மட்டும் குடித்தேன். மூன்றாம் கிழமை முடிய 370. சளி இளகுவது பாணியின் புண்ணியமா, குறைவது பம்மின் புண்ணியமா என்று இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு பிரிக்க முடியாது. ஆனால் தனியே பாணி குடித்த நாட்களின் எண்கள் கொப்பியில் இருக்கின்றன.

இரண்டாவது போத்தல் முடிந்ததும் கடைக்குப் போய் ஐயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சண்டைக்குப் போகவில்லை, ஆனால் குரல் கொஞ்சம் உயர்ந்துதான் இருக்கும். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். "லேபிள் அச்சடிச்சுத்தான் வருது பிள்ளை, நான் எழுதயில்ல" என்றார். "லேபிள் மட்டும் சொல்லயில்ல ஐயா, நீங்களும் சொன்னீங்கள், பம்மை விடச் சொல்லி" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அளவோடு கதை வேண்டுமென்றால் நிலாவெளிப் பக்கம் கோணேசபுரி வளாகத்தில் சித்த மருத்துவம் படிப்பிக்கிறவர்களிடம் போய்க் கேட்கச் சொன்னார். நல்ல யோசனைதான், முதலே சொல்லியிருக்கலாம்.

சின்னப் போத்தல் ஒன்று, 100 மில்லிலீற்றர், 450 ரூபா, வாங்கினேன். ஓம், திரும்பவும் வாங்கினேன், சளி இளக்க இதைவிட நல்லது எனக்கு அமையவில்லை. மிச்சக் காசு எடுக்க வசம்பு என்று எழுதிய லாச்சியைத் திறந்தார், சில்லறைக்குப் பக்கத்தில் ஒரு நீலப் பம் கிடந்தது, மூடி தேய்ந்து வெளிறிப்போய், நன்றாகப் பாவித்தது. நான் பார்த்ததை அவரும் பார்த்தார். "மழைக் காலத்தில எனக்கும் கொஞ்சம் முட்டும்" என்றார்.

போத்தல் மூடி ஒழுகுகிறது என்றும் சொன்னேன். அதற்கு ஒரு பொலித்தீன் பை தந்தார்.